ராணி ஆந்தூரியம்: கையில் மிஞ்சிய ஒரு துண்டும் 20 மாதங்களும்

2022 ஜூலையில் 11,500 ரூபாய் கொடுத்து ஒரு செடி வாங்கினேன். ஆறே வாரத்தில் அதில் மிஞ்சியது கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு தண்டுத் துண்டு. வேர் இல்லை, இலை இல்லை. அந்தத் துண்டு தழைத்து மறுபடி நான்கு இலையோடு நிற்க 2024 மார்ச் ஆகிவிட்டது. நடுவில் எத்தனையோ இரவு கைப்பேசி வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்க ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த நர்சரிக்காரர்கள் யாரும் இந்தச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. கிடைத்த குறிப்புகளெல்லாம் குளிர் நாட்டு வீடுகளுக்காக எழுதியவை. அறையைச் சூடாக வைத்திருங்கள் என்று படித்துவிட்டு மே மாதச் சென்னையில் நான் என்ன செய்வது? அதனால்தான் பட்டதையெல்லாம் வரிசையாக எழுதிவைக்கிறேன். இதே ஆசையில் பணம் அனுப்பப்போகிறவர் யாராவது இருந்தால், அனுப்பும் முன் ஒரு முறை படித்துவிடுங்கள்.

செடியின் பெயர் ஆந்தூரியம் வாரோக்கியானம். வளர்ப்பவர்கள் ராணி ஆந்தூரியம் என்பார்கள், இன்னும் சுருக்கமாக ‘குயீன்’. கொலம்பியா நாட்டின் ஈரமான மலைக்காடுகள்தான் இதன் சொந்த ஊர். அங்கே மரத்தைப் பற்றிக்கொண்டு வளரும். இலை அகலம் குறைவு, நீளம் அதிகம். கரும்பச்சை வெல்வெட் துணியை அறுத்துத் தொங்கவிட்டு வெள்ளி நூலால் நரம்பு தைத்தது போல இருக்கும். நன்றாக வளர்ந்த செடியில் ஓர் இலையே ஒரு மீட்டரைத் தாண்டும். பூங்கொத்துக் கடைகளில் மெழுகு பூசியது போலச் சிவப்பாக இருக்கிறதே, அந்த ஆந்தூரியத்துக்கு இது உறவு. நம் வீட்டுச் சேம்பும், சேனையும், பாட்டிலில் வைக்கிற மணி பிளான்ட்டும்கூட இதே குடும்பம்தான்.

நான் சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடமாக மாடித்தோட்டம் போடுகிறேன். கத்தரி, தக்காளி, கொத்தவரை, புடலை எல்லாம் வீட்டுக்குப் போக அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிற அளவுக்கு வரும். அந்த அனுபவம் கைகொடுக்கும் என்று நம்பித்தான் வாங்கினேன். உண்மையில் என்னைக் கவிழ்த்ததே அந்த அனுபவம்தான். காய்கறிச் செடிக்கு எது நல்லதோ அதையெல்லாம் இதற்குச் செய்தேன், ஒவ்வொன்றும் இதற்கு விஷமாகப் போனது.

ஊரடங்குக் காலத்தில் நிறையப் பேரைப் போல நானும் அரிய இலைச்செடிகளின் படங்களைப் பார்த்து மயங்கியவள். விற்றவர் வேறு மாநிலத்துக்காரர். “இறக்குமதிச் செடி, ஆனா நம்ம ஊருக்குப் பழகிடுச்சு” என்றார். மூன்று இலை, ஒன்றரை அடி நீளம், வெல்வெட் பளபளக்கும் படம். அன்றிரவே பணம் அனுப்பினேன். வீட்டில் 1,150 ரூபாய் என்று சொன்னேன். ஒரு சைபரை மறைத்த அந்தப் பொய் ஒன்றரை வருடம் என் தொண்டையில் நின்றது. செடி செத்துக்கொண்டிருந்தபோது வீட்டார் முன்னால் அழக்கூட முடியவில்லை. ஆயிரம் ரூபாய்ச் செடிக்கு இவ்வளவு அழுகையா என்று கேட்பார்களே.

வெள்ளிக்கிழமை கூரியரில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கோ ஒரு கிடங்கில் கிடந்துவிட்டு அடுத்த புதன்கிழமை வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் வந்த வாடை இன்னும் நினைவிருக்கிறது. பிளாஸ்டிக் பையில் கட்டி மறந்துபோன முட்டைக்கோஸின் வாடை. வேரைச் சுற்றியிருந்த பாசி சொதசொதவென்று சூடாக இருந்தது. அடி இலை மஞ்சள். விற்றவரிடம் படம் அனுப்பினேன். பயணக் களைப்பு, சரியாகிவிடும் என்றார். பிறகு பேச்சு கொடுத்தபோதுதான், எனக்கு அனுப்பும்போது செடி வெளிநாட்டிலிருந்து வந்து நான்கு நாள்கூட ஆகியிருக்கவில்லை என்பது தெரிந்தது. பழகுவதற்கு நேரமே இருந்திருக்கவில்லை.

வாங்கும் விஷயத்தில் இப்போது நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். இந்தியாவுக்கு வந்த பிறகு அந்தச் செடி ஒரு புது இலையாவது விட்டிருக்க வேண்டும். விட்டிருக்கிறதா என்று கேளுங்கள், எந்த இலை என்று காட்டச் சொல்லுங்கள். அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள். வேரைக் காட்டி ஒரு வீடியோ கேளுங்கள். நேர்மையானவர் இதற்குக் கோபப்பட மாட்டார். திங்கட்கிழமை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், வார இறுதியில் செடி எங்கும் முடங்காது. 2003-ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் ஆணைப்படி, வெளிநாட்டுச் செடிக்கு இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். விற்பவர்கள் ‘பைட்டோ’ என்று சொல்வது அந்தச் சான்றிதழைத்தான். அது இருக்கிறதா என்று கேட்க எனக்கு அன்று தெரியாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பெரிய செடி வாங்காதீர்கள். விதையிலிருந்து இங்கேயே முளைத்த, இரண்டு மூன்று அங்குல இலையுள்ள கன்று போதும். விலையும் குறைவு, பிறந்ததே இந்தக் காற்றில் என்பதால் பிழைக்கும். கன்றில் கலப்பினம் நிறைய வரும். கலப்பினம் மோசமில்லை, நம் வெயிலுக்கு அது இன்னும் நன்றாகவே தாங்கலாம். ஆனால் கலப்பின விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

சரி, செடிக்கு வருகிறேன். வந்த அன்றே 12 அங்குலத் தொட்டியில், செம்மண், கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நட்டேன். கத்தரிக்கு நான் போடும் கலவை. ஆசையாகத் தினம் காலையில் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாளில் இரண்டாவது இலையும் மஞ்சளாகித் தொங்கியது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மாலையிலும் ஊற்றினேன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கவனியுங்கள். வேர் அழுகிய செடியும் தண்ணீர் இல்லாத செடியும் பார்க்க ஒரே மாதிரிதான் வாடும். வேர் செத்துவிட்டால் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் இலைக்கு ஒரு சொட்டு போகாது. ஆகவே இலை தொங்கினால் கை வாளிக்குப் போகக் கூடாது, மண்ணுக்குள் போக வேண்டும். இரண்டு அங்குல ஆழத்தில் ஈரம் இருந்தும் இலை தொங்குகிறது என்றால், உடனே செடியை வெளியே எடுத்துப் பாருங்கள்.

நான் எடுத்துப் பார்த்தது நாலாவது வாரம். பூப்பறிப்பது போல எந்தப் பிடிமானமும் இல்லாமல் மேலே வந்தது. ஆரோக்கியமான வேர் தடித்து, வெளிர் நிறமாய், அழுத்தினால் கொத்தவரைக்காய் போல விறைப்பாக இருக்கும். என் செடியின் வேர்கள் பழுப்பாகக் குழைந்திருந்தன. ஒன்றை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறை போலக் கழன்று வந்தது, உள்ளே ஒரு மெல்லிய நரம்பு மட்டும் நூல் மாதிரி நின்றது. ஒவ்வொரு வேராக அப்படிச் சோதித்தேன். பதினோரு வேரில் ஒன்றுகூடத் தேறவில்லை. பால்கனித் தரையில் செய்தித்தாள் விரித்து, சுற்றிலும் அந்த உறைகளும் நூல்களுமாக, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஆசைப்பட்டு வரவழைத்த ஓர் உயிரை என் கையாலேயே மூச்சுமுட்டச் செய்துவிட்டேன் என்ற எண்ணம்தான் வந்தது. பணம் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இந்தச் செடியின் வேர் மண்ணுக்குள் போகப் பிறந்ததே இல்லை. மரப்பட்டையிலும் பாசியிலும் ஒட்டிக்கொண்டு, மழை பெய்தால் நனைந்து, நின்றதும் காற்றில் உலர்ந்து வாழ்கிற வேர் அது. அதற்குத் தண்ணீருக்குச் சமமாகக் காற்று வேண்டும். ஈரமண்ணில் புதைத்தால் காற்று போகாது, காற்றில்லாத ஈரத்தில் பூஞ்சை தானே வரும். இந்த ஒன்று எனக்கு ஜூலையில் தெரிந்திருந்தால் இதற்குப் பிறகு நான் எழுதுவது எதற்கும் வேலையே இருந்திருக்காது.

மீட்கும் வேலை ஆரம்பித்தது. வெறும் கையோடு தண்டை வெட்டினேன். அரை மணியில் மணிக்கட்டு முழுக்க அரிப்பு, தடிப்பு. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த அம்மா பார்த்ததுமே, “சேம்பு ஜாதியா? புளியக் கரைச்சுத் தடவு” என்றாள். செடியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது, அரிப்பைப் பார்த்தே குடும்பத்தைச் சொல்லிவிட்டாள். சேனையை நறுக்கினால் கை அரிப்பதும் சமைத்த சேம்பு சில சமயம் தொண்டையில் காறுவதும் ஒரே காரணத்தால்தான். கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசி ஊசியாகத் திசுவுக்குள் இருக்கிறது. அதனால் வெட்டும்போது கையுறை கட்டாயம். வீட்டில் தவழும் குழந்தையோ இலையைக் கடிக்கும் பூனையோ இருந்தால் செடி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். பிளேடை ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடையுங்கள். ஆந்தூரியத்தில் வரும் பாக்டீரியாக் கருகல் நோய் வெட்டும் கத்தி வழியாகவும் பரவும். 1980-களில் ஹவாய் தீவு ஆந்தூரியப் பண்ணைகளுக்குப் பெருநஷ்டம் உண்டாக்கிய நோய் அது.

அழுகிய பகுதியை வெட்ட வெட்ட உள்ளே பழுப்புப் புள்ளி தெரிந்துகொண்டே இருந்தது. வெள்ளையாய்ச் சுத்தமான சதை வரும்வரை நிறுத்தக் கூடாது, ஒரு புள்ளியை விட்டாலும் அது மேலே ஏறும். கடைசியில் நின்றது கட்டைவிரல் அளவுத் துண்டு. வெட்டுவாயில் சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைத் தூள் தொட்டு, ஒரு பகல் நிழலில் ஆறவிட்டு, மூடியுள்ள இனிப்பு டப்பாவில் ஸ்பேக்னம் பாசி பரப்பி அதன்மேல் படுக்கவைத்தேன். புதைக்கவில்லை. பாசியை ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, இனிச் சொட்டாது என்ற பதத்தில் போட வேண்டும். டப்பாவை நேர் வெயில் படாத வெளிச்சமான மூலையில் வைத்து, தினம் ஒரு முறை திறந்து இரண்டு நிமிடம் காற்றுவிட வேண்டும். உரம் வேண்டாம். “ஏண்டி, செடின்னா மண்ணுல வை. டப்பாவுக்குள்ள போட்டு மூடினா அதுக்கு மூச்சு முட்டாதா?” என்று அம்மா கேட்டாள். அவள் கேள்வி நியாயம்தான், ஆனால் முதலில் மண்தான் அதன் மூச்சை அடைத்தது என்று அவளுக்கு விளக்க எனக்கு அன்று தெம்பு இல்லை.

70 நாள் ஒன்றுமே நடக்கவில்லை. உண்மையில் 40-ஆம் நாளே ஓர் அசைவு இருந்தது. கணுவருகில் அரிசி முனை அளவு வெள்ளைப் புள்ளி. அது வேரா பூஞ்சையா என்று பார்க்கத் துண்டைத் தூக்கிப் புரட்டினேன், முனை ஒடிந்து பாசியோடு போய்விட்டது. அடுத்த முனை வர இன்னொரு மாதம். அதற்குப் பிறகு டப்பாவின் வெளிப்பக்கத்தில் தேதி எழுதி ஒட்டிவிட்டு, வெளியிலிருந்து மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். துண்டு விறைப்பாகப் பச்சையாக இருக்கும்வரை உயிர் இருக்கிறது. மெத்தென்று ஆனாலோ வாடை வந்தாலோ மட்டும் தொடுங்கள். அக்டோபர் கடைசியில் மூன்று வேர் வந்தது, 2023 பொங்கலை ஒட்டி 4 சென்டிமீட்டரில் முதல் இலை. அந்த இலையைப் பார்த்த அன்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன்.

இரண்டாவது முறை மண் பக்கமே போகவில்லை. பைன் மரப்பட்டைத் துண்டு இரண்டு பங்கு, பெர்லைட் என்ற எடையில்லாத வெள்ளைக் கல் ஒரு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு, பிய்த்துப் போட்ட பாசி ஒரு பங்கு. இதுதான் என் கலவை. கையில் அள்ளினால் விரலிடுக்கில் வெளிச்சம் தெரிய வேண்டும், தண்ணீர் ஊற்றினால் எண்ணி ஐந்து நொடியில் கீழே வந்துவிட வேண்டும். மரப்பட்டை விலை அதிகம் என்பவர்கள் தேங்காய் மட்டைத் துண்டுகளைப் போடலாம், ஆனால் நன்றாக ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகுதான். மட்டையிலும் கோகோபீட்டிலும் உப்பு தங்கியிருக்கும். கழுவாத கோகோபீட் என் செடியின் முதல் வேர்களைக் கருக்கியதில் ஒரு பங்கு வகித்தது என்று இப்போது நினைக்கிறேன். தொட்டி மிகச் சிறியதாக இருக்கட்டும். வேர்க்கொத்தைச் சுற்றி ஒரு விரல் இடம் போதும். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கோப்பையில் சூட்டுக்கோலால் பக்கவாட்டில் ஓட்டை போட்டு வைத்தேன். வேரின் நிறத்தைத் தோண்டாமலே பார்க்கலாம்.

அடுத்தது தண்ணீர். எங்கள் தெரு போர்வெல் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை 350 ரூபாய்க்கு வாங்கி அளந்தபோது 1,180 காட்டியது. கத்தரி அதைத் தாங்கும், ராணி தாங்காது, இலை நுனி கருகும். ஆர்ஓ இயந்திரத்தின் நல்ல தண்ணீர் 60-க்குள் இருந்தது, அதையே ஊற்றுகிறேன். ஆர்ஓ கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம் என்று பலர் வழக்கமாகச் செய்கிறார்கள். பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, இந்த வகைச் செடிக்கு அதைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. ஈரப்பதத்துக்காக 2,200 ரூபாய்க்கு வாங்கிய புகைபோல ஈரம் கக்கும் இயந்திரத்தில் போர்வெல் தண்ணீரையே ஊற்றினேன். ஒரு வாரத்தில் வெல்வெட் இலைமேல் சுண்ணாம்பு தூவியது போல வெள்ளைப் படலம். தண்ணீரில் இருந்த உப்பு காற்றில் பறந்து இலையில் படிந்திருக்கிறது. துடைத்தால் வெல்வெட் தேய்கிறது, விட்டால் இலைக்கு வெளிச்சம் குறைகிறது. மூன்றாவது வாரம் இயந்திரமும் அடைத்துக்கொண்டது.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிழக்கு ஜன்னலில் திரைக்குப் பின்னால் வைத்தால் போதும், உச்சி வெயில் நேராகப் பட்டால் இலை கருகிவிடும். உரம் பொட்டலத்தில் போட்ட அளவில் கால் பங்கு, அதுவும் புது இலை வளரும்போது மட்டும்.

வெயிலைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். சென்னையில் எப்போதும் புழுக்கம்தானே, ஈரப்பதத்துக்கு என்ன குறை என்று நினைத்திருந்தேன். 2023 மே மாதம் ஈரப்பதமானியைப் பால்கனியில் வைத்துப் பார்த்தேன். மதியம் 2 மணிக்கு 39 டிகிரி, ஈரப்பதம் 32 சதவீதம். மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும், அந்தச் சில மணி நேரம் காற்று அப்பளம் காயவைக்கிற காற்றாகிவிடும். ஏசி அறைக்குள் கொண்டுவந்தால் சூடு குறைகிறது, ஆனால் ஈரப்பதம் அங்கேயும் 45-ஐத் தாண்டுவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் இரவு. இந்தச் செடியின் காட்டில் இரவில் குளிர் இறங்கும். நம் மே மாத இரவு 29 டிகிரியில் நிற்கும். பகல் சூட்டை ஓரளவு தாங்குகிற செடி, இரவும் ஆறவில்லை என்றால் வளர்வதை நிறுத்திக்கொள்கிறது. இதை நான் என் செடியிலேயே நாள்கணக்கில் பார்த்தேன்.

கடைசியில் 6,500 ரூபாய்க்குப் பழைய கண்ணாடி ஷோகேஸ் ஒன்று வாங்கிப் படுக்கையறையில் வைத்தேன். அடியில் தட்டில் தண்ணீரும் கூழாங்கல்லும், மேலே செடி வளர்க்கும் விளக்கு ஒன்று, இரண்டு மூலையில் யூஎஸ்பி குட்டி மின்விசிறிகள். உள்ளே ஈரப்பதம் 75-க்கும் 80-க்கும் நடுவில் நின்றது. இரவு ஏசி 26-ல் ஓடும். விசிறியை மட்டும் விட்டுவிடாதீர்கள், காற்று அசையாத ஈரம் இலையை அழுகவைக்கும். மின்சாரச் செலவு அந்தக் கோடையில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டியது. உங்கள் வீட்டில் இரவு ஏசி ஓடுவதில்லை என்றால், சமவெளியில் ராணி வேண்டாம் என்றே சொல்வேன். மெக்சிகோவின் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் வளரும் கிளாரிநெர்வியம் என்ற இன்னொரு ஆந்தூரியம் இருக்கிறது. இலை அட்டைபோலத் தடிப்பாக, நரம்பு இதே வெள்ளியில், வறண்ட காற்றையும் தாங்கும். முதல் வெல்வெட் செடி அதுவாக இருக்கட்டும். ஏற்காடு, குன்னூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த அவஸ்தையில் பாதி இருக்காது, அவர்கள் மார்கழிக் குளிரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது இலையைக் கெடுத்தது என் அவசரம். சுருண்டு வந்த இலை உறைக்குள் மாட்டிக்கொண்டது போலத் தெரிந்தது. நகத்தால் லேசாக விலக்கினேன். சத்தமே இல்லாமல் நடு நரம்பு வரை கிழிந்தது. இப்போது அப்படித் தெரிந்தால், பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு உறையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

மூன்றாவது இலைக்கு ஜூலையில் திரிப்ஸ் வந்தது. விவசாயிகள் இலைப்பேன் என்பார்கள். இலையின் அடியில் வெள்ளிக் கீறல், கீறலில் மிளகுத்தூள் சிதறியது போலக் கரும்புள்ளி. மாடியில் இருந்த மிளகாய்ச் செடியிலிருந்துதான் வந்திருக்கும், ஒரே கையோடு இரண்டையும் தொடுவேன். எல்லாவற்றுக்கும் அடிக்கிற வேப்பெண்ணெய்க் கரைசலை அடித்தேன். வெல்வெட் இலை எண்ணெயைப் பிடித்துக்கொண்டது, அந்த இடங்களெல்லாம் மறுநாள் வெந்தது போலப் பழுப்பானது. பிறகு ஸ்பைனோசாட் என்ற பூச்சிமருந்து வாங்கி, புட்டியில் போட்ட அளவில், முகக்கவசத்தோடு மாலையில் அடித்தேன். இந்தப் பூச்சியின் ஒரு பருவம் இலைத்திசுவுக்குள் முட்டையாகவும் இன்னொரு பருவம் தொட்டிக் கலவைக்குள்ளும் ஒளிந்திருக்கும். ஒரு முறை அடித்து ஒன்றும் தெரியவில்லை என்று விட்டால் இரண்டு வாரத்தில் திரும்பும். சில நாள் இடைவெளியில் மூன்று முறை அடித்து, மேல் கலவையையும் மாற்றி, நீலநிற ஒட்டு அட்டை தொங்கவிட்ட பிறகுதான் நின்றது. புதுச் செடி எது வந்தாலும் மூன்று வாரம் வேறு அறையில் வைப்பதும், மாடிக்குப் போய்விட்டு வந்து கைகழுவாமல் ஷோகேஸைத் திறக்காததும் அதிலிருந்து பழக்கமாகிவிட்டது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மூன்று நாள் மின்சாரம் இல்லை. விசிறி நின்றதும் கண்ணாடியில் நீர் வழிய ஆரம்பித்தது. கதவைத் திறந்துவைத்து, மணிக்கொரு முறை அட்டையால் விசிறினேன். அப்படியும் மூன்றாவது இலையின் ஓரத்தில் ஒரு அங்குலம் அழுகியது. இரண்டாவது இரவு, கணவர் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் அழுகிய ஓரத்தை வெட்டினேன். “உண்மையச் சொல்லு, இது என்ன விலை?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெழுகுவர்த்தியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, “சூடு படப் போகுது, பாத்து வெட்டு” என்றார். அந்தப் பொய்யை நான் சொல்லியே இருக்க வேண்டாம். அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் பால்கனியில் தனியாக உட்கார்ந்து அழுதிருக்க மாட்டேன்.

மொத்தக் கணக்கு போட்டுப் பார்த்தேன். செடியும் கூரியரும் 12,100, ஷோகேஸ், விளக்கு, விசிறி, மீட்டர்கள், கலவை, மருந்து எல்லாம் சேர்த்து மொத்தம் 27,600 ரூபாய். மின்கட்டணம் இதில் இல்லை. இதே ராணியின் சிறிய கன்றை 2024-இல் 2,000 ரூபாய்க்கு எனக்கே காட்டினார்கள். ஊரடங்கு மோகம் வடிந்து விலை இறங்கியிருந்தது. ஆகவே எந்தப் புதுச் செடி படத்தில் மினுங்கினாலும் ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள்.

நான்காவது இலை மாசியில் விரிந்தது. 22 சென்டிமீட்டர். ஒரு கீறல் இல்லை. விரியும்போது வெளிர் செம்பு நிறம், பத்துப் பன்னிரண்டு நாளில் பச்சை ஏறி, நரம்பு ஒவ்வொன்றாக வெளுத்து மேலே வந்தது. அம்மா ஷோகேஸ் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, புறங்கையால் அந்த இலையைத் தடவிப் பார்த்தாள். “எருமைக் கன்னுக்குட்டி காது மாதிரி இருக்குடி” என்றாள். ஐந்தாவது இலைக்கான உறை இப்போது அரை அங்குலம் மேலே வந்திருக்கிறது. நுனி கொஞ்சம் மாட்டிக்கொண்டது போலத்தான் தெரிகிறது. காலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன், கதவை மூடிவிட்டேன்.